எழுத எனக்கு நேரம் கிடைத்த விதம்

குறிஞ்சிப்பிட்டி,
ஞாயிற்றுக்கிழமை, ளுஹர் தொழுகைக்குப் பிறகு.

என் மாமாவின் மகளும், ‘கண்டல்’ மின்னிதழின் பெரிய ஆசிரியையும், கட்டாரில் இருந்துகொண்டு குளிருது என்று சொல்லும் ஒரே குறிஞ்சிப்பிட்டிக்காரியுமான மச்சி ஷிஹாராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதே. யாரும் மௌத்தாகவில்லை. எங்கள் வீட்டில் இந்த வருசத்துக்குரிய மௌத்து நடந்து முடிந்துவிட்டது.

உன் தம்பி றிஸ்மின் லீவு முடிந்து புதன்கிழமை திரும்புகிறான் என்று கேள்விப்பட்டு, கருவாட்டுப் பொதியோடு இதையும் கொண்டுபோ என்றேன். இந்தக் காலத்தில் யார் மச்சி கடிதம் எழுதுற என்று சிரித்தான். போன் இல்லாதவள் எழுதுவாள் என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டான். விசயம் அவனுக்கும் தெரியும்போல. கருவாடு கட்டா மீன். நானே வெட்டி உப்புப் போட்டது. கடிதத்தையும் கருவாட்டையும் ஒரே பைக்குள் வைக்காதே என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். அப்படியும் வாடை வந்தால் பொறுத்துக்கொள். எழுத்தில் ஊர் மணக்க வேண்டும் என்று நீதானே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

இனி விசயத்துக்கு வாறேன். போன் கையில் இருந்த காலத்தில் நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். சிறப்பிதழ் போடப் போகிறாய், எழுத்தாளர்கள் எல்லோரும் எழுதுவதற்கு எப்படி நேரம் ஒதுக்குகிறார்கள் என்று சொல்லப் போகிறார்கள், நானும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தாய். எழுத்தாளர் என்று என்னை முதன்முதலில் கூப்பிட்டது நீதான். அஞ்சாம் வகுப்போடு நின்றவளை அப்படிக் கூப்பிட்டால் யாருக்கும் தலை கொஞ்சம் சுற்றும். எனக்கும் சுற்றியது. இறங்கிவிட்டது.

முன்பும் இதே சங்கதியை ஒரு பெரிய மனுசர் உன் இதழில் எழுதியிருந்தார். ஸுபஹுத் தொழுகைக்கு முன்னாலேயே எழும்பி, சூடான தேத்தண்ணிக் கோப்பையோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, குருவிச் சத்தத்தைக் கேட்டபடி எழுதுவாராம். அதைக் கருவாட்டு வாடியில் வைத்து அக்னஸுக்கு வாசித்துக் காட்டினேன். அக்னஸ் என்னோடு கருவாடு காயப்போடுகிறவள், சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கினவள், ஒன்றையும் லேசில் விடமாட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, தேத்தண்ணி ஆர் போட்டது என்று மட்டும் கேட்டாள். அது கட்டுரையில் இல்லை. இன்னொரு அம்மா, எழுதும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் ஒழுங்காகச் சாத்துகிற கதவு குளியலறைக்கு மட்டும்தான். அங்கே போனைக் கொண்டுபோனால் இரண்டு வேலையும் கெடும்.

அவர்கள் பொய் சொல்லவில்லை, மச்சி. அவர்களுக்குக் கிடைத்த நேரத்தை அவர்கள் சொல்கிறார்கள். எனக்குக் கிடைத்ததை நான் சொல்கிறேன்.

என் மாப்பிள்ளை ஹயாத்து முகம்மதை உனக்குத் தெரியும். கை நீட்டாத, வாய் நீளாத மனுசன். நான் போனில் கதை எழுதுவது அவருக்கு நன்றாகத் தெரியும். எழுது, எழுது என்பார். சொல்லி வாய் மூடவில்லை, கண்ணாடி எங்கே என்று கேட்பார். கண்ணாடி அவர் தலைமேலேயே இருக்கும். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் நான் எழுதின வரி யாரோ எழுதினது மாதிரிக் கிடக்கும். கெட்ட மனுசனாக இருந்திருந்தால் ஒளித்து எழுதியிருப்பேன், வைராக்கியத்தில் நாலு புத்தகமே வந்திருக்கும். நல்ல மனுசனிடம் இருந்து எப்படி ஒளிவது? ஸபீனா என்று கூப்பிடுவார், ஓம் என்பேன், அதோடு அன்றைய கதை முடிந்தது. மிச்ச நேரம் வாடிக்கு. படகு வந்தால் மீன் வெட்ட வேண்டும், உப்புத் தொட்டியில் அடுக்க வேண்டும், கழுவிக் காயப்போட்டுத் திருப்பிப் போட வேண்டும், காகத்துக்கும் நாய்க்கும் கல் எறிய வேண்டும். இப்படியே இருபத்தைந்து வருசம். அதற்குள் நான் முடித்த கதை ஒன்றுகூட இல்லை. எல்லாம் தொடக்கம்தான். தொடக்கங்களை மட்டும் போடுகிற இதழ் இருந்தால் அதற்கு நான்தான் ராணி.

பிறகு அவர் மௌத்தானார். வாடியில், பகல் சோறு தின்றுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

நான் இத்தாவில் இருந்தேன். மாப்பிள்ளையை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்கிற காலம். கட்டாரில் ஏசிக் குளிரில் நீ எதையும் மறந்திருப்பாய் என்றுதான் சொல்லித் தருகிறேன். சோறு மற்ற வீடுகளில் இருந்து வந்தது. கடைக்குப் போ என்று சொல்ல ஆள் இல்லை. மீன்காரன், ஐஸ்காரன், முதலாளி என்று ஒரு ஆம்பிளையும் என்னைத் தேடி வரமுடியாது, வாசலில் திரை தொங்கியது. வாடியை அக்னஸ் பார்த்துக்கொண்டாள். போனை மட்டும் என் தலைமாட்டில் விட்டார்கள், ஓதுவதற்காக. மகள் நஸ்ஹா அதில் குர்ஆன் போட்டுத் தந்திருந்தாள். நான் ஓதினேன். அல்லாஹ் அறிவான், கல்யாணம் முடித்த நாள் முதல் அவ்வளவு ஓதியதில்லை. முதல் மாதம் ஓதலும் அழுகையும்தான்.

பிறகு ஒரு நாள் அசர் தொழுகைக்கு முன்னால் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வீடு அமைதியாகக் கிடந்தது. கண்ணாடி எங்கே, உடுக்கச் சாரன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாததுதான் எனக்குக் காதுக்குள் பெரிய சத்தமாகக் கேட்டது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் போனை எடுத்து எழுதினேன். நடுவில் யாரும் கூப்பிடாமல், தொடங்கின இடத்தில் இருந்து முடிகிற இடம் வரைக்கும், என் சீவியத்தில் முதல் தடவையாக. எழுத எழுதச் சிரிப்பு வந்தது. சத்தம் வெளியே போகக் கூடாதென்று தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த என் மாமி, மருமகள் அழுகிறாள் என்று நினைத்துத் தானும் அழுதார். இரண்டு பேரிலும் பிழை இல்லை.

கதை உனக்குத் தெரியும், நீதானே போட்டாய். அலுமாரிக்கு முன்னால் நின்று, கண்ணுக்கு நேரே மடித்து வைத்த சாரனைப் பார்த்தபடியே சாரன் எங்கே என்று கேட்கிற மனுசன். ஒரு நாள் பெண்சாதி பதில் சொல்லாமல் எழும்பிப் போய்விடுகிறாள். அவர் கேட்டுக் கேட்டுத் தெருவுக்கு வருகிறார். பக்கத்து வீட்டுக்காரரும் வருகிறார், அவருக்குக் குடையைக் காணவில்லை. கடைசியில் ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் பள்ளிவாசல் முற்றத்தில் கூடி நிற்கிறார்கள், யாருடைய சாமான் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பெண்கள் கடற்கரையில் உட்கார்ந்து கச்சான் கொறிக்கிறார்கள். முடிவில் அந்த முதல் பெண் மட்டும் எழும்பி வீட்டுக்கு நடக்கிறாள், இவ்வளவு நேரமாகிறது, இவர் சத்தத்தைக் காணோமே என்று. அந்த முடிவைப் பற்றி இங்கே ஒருவரும் கதைக்கவில்லை, மச்சி. சாரனைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

நஸ்ஹா எழுத்துப் பிழை பார்த்தாள். வாசித்துவிட்டு, வாப்பாதான் இது, வாப்பாவேதான் என்று என் மடியில் விழுந்து சிரித்தாள். இத்தா முடிய முன்னமே அவள்தான் உனக்கு அனுப்பினாள். இத்தா முடிந்து நான் வாடிக்குப் போகத் தொடங்கின கிழமை நீ போட்டாய். போட்டவள் சும்மா போடாமல் தலைப்புக்கு மேலே ஒரு வரியும் சேர்த்தாய், ‘கணவரை இழந்து இத்தாவில் இருந்தபடியே கைபேசியில் எழுதிய கதை’ என்று. என்னை உயர்த்தத்தான் சேர்த்தாய். லண்டனிலும் கனடாவிலும் இருந்து அந்த வரிக்குக் கீழே அழுத முகமும் இதயமும் போட்டார்கள். கதையை வாசிக்காமலே அருமை என்று எழுதினவர்களும் இருந்தார்கள். ஒருவர் நல்ல கவிதை என்று எழுதியிருந்தார். அவருக்கும் அல்லாஹ் நல்லதைச் செய்யட்டும்.

உன் மின்னிதழைப் பற்றி என் எண்ணத்தைக் கேட்டால் இதைச் சொல்வேன். கடதாசிப் பத்திரிகை என்றால் புத்தளம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் தூசி பிடித்துத் தொங்கும். குறிஞ்சிப்பிட்டிக்கு வந்து சேர்ந்தால் அது வடை சுற்றின கடதாசியாகத்தான் வரும், அதிலும் பாதிக் கதை எண்ணெயில் போய்விடும். எழுதினவளுக்கு ஆபத்து இல்லை. உன்னுடையது அப்படி இல்லை. ஜும்ஆ பயானும், மீன் விலையும், மௌத்துச் செய்தியும் வருகிற அதே போனுக்குள் வருகிறது. பள்ளிவாசல்துறையில் வலை பொத்துகிறவனும் பார்க்கிறான், எத்தாளையில் நஸ்ஹாவுக்குப் பேசியிருக்கிற சம்பந்தி வீட்டாரும் பார்க்கிறார்கள். எங்கள் குடும்பக் குறூப்பில் யாரோ போட, முதல் நாள் ஒரே சிரிப்பு. பெண்கள் எல்லாம் தங்கள் தங்கள் மாப்பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சீண்டினார்கள். என் மாப்பிள்ளைக்கு மூத்த நானா, அத்தாஉல்லா மச்சான் இருக்கிறாரே, பெருநாளைக்கும் சிரிக்காத ஆள், அவர்கூட ஒரு சிரிப்பு முகம் போட்டார்.

அடுத்த நாள் யாரோ மேலே இருந்த உன் வரியைப் படித்துவிட்டார்கள். கபுறில் மண் காயவில்லை, இவ உள்ளுக்க இருந்து சிரிப்புக் கதை எழுதியிருக்கா என்று ஒரு குரல் வந்தது. ஓதுறா ஓதுறா என்று நாங்கள் சோறு கொண்டுபோய்க் கொடுத்தோமே என்று இன்னொரு குரல். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தாங்கள் போட்ட சிரிப்பைத் திருப்பி எடுத்தார்கள். என் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாக மறைந்தது. சிரித்த சிரிப்பைத் திருப்பி எடுக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நேரில் சிரித்தவனால் அது முடியாது.

அத்தாஉல்லா மச்சான் வீட்டுக்கு வந்தார். அவர் சத்தம் போட்டார் என்று நினைக்காதே, போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கதிரையில் உட்கார்ந்து, நான் கொடுத்த பிளேன்ரீயைக் குடித்து முடித்தார். தம்பியை இந்தக் கையால்தான் கபுறுக்குள் இறக்கினேன் என்றார். அவனைப் பார்த்து நீ சிரிச்சிருக்காய் என்றார். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை மச்சான் என்றேன். அப்ப இவ்வளவு சனமும் யாரைப் பார்த்துச் சிரிச்ச என்று கேட்டார். கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். வாயாடி ஸபீனா கோப்பை கழுவப் போனாள் என்று குறித்துக்கொள். திரும்பி வந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவரும் ஒரு தம்பியைப் பறிகொடுத்தவர்தானே.

அதற்குப் பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். நஸ்ஹாவுக்கும் எத்தாளை றுமைஸுக்கும் வருகிற மாதம் முதல் வெள்ளி நிக்காஹ். பிள்ளைக்கு வாப்பா இல்லை, வாப்பாவைப் பெற்ற அப்பா இல்லை, கூடப் பிறந்த ஆம்பிளை இல்லை. பெண்ணின் பொறுப்பாளியாக, அதாவது வலியாக நின்று அவளைக் கொடுக்க வேண்டியவர் பெரிய வாப்பாவான அத்தாஉல்லா மச்சான். அந்தக் கதை உலகத்தில் இருக்கிற வரைக்கும் தான் பள்ளிக்கு வந்து வலியாக உட்காரமாட்டேன் என்றார். கல்யாண வழக்குப் பார்க்கிற காழியாரிடம் போனால் அவர் வேறு வழி செய்து தருவார் என்று சொல்கிறார்கள். தருவார். ஆனால் பெரிய வாப்பா இருக்கும்போது காழியாரைப் பிடித்து நிக்காஹ் செய்த வீட்டிலா பெண் எடுத்தோம் என்று எத்தாளையில் சாகும் வரைக்கும் என் பிள்ளையிடம் கேட்பார்கள்.

எழும்பும்போது போனைக் கேட்டார். பறித்தார் என்று யாருக்கும் சொல்லிவிடாதே. கையை நீட்டினார், தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுக்கிற மாதிரி நானே கொடுத்தேன். அதில் இருந்த கதையை என் முன்னாலேயே தேடித் தேடி அழித்தார். அதோடு என் தொடக்கங்களும் போயின. இனி எங்கேயும் இல்லை என்று பெரிய நிம்மதியோடு, போனையும் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் காலையில் தன் போனைத் திறந்தால் அதிலே கதை இருக்கிறது. என் போனில் அழித்தால் உலகத்திலேயே அழிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார், பாவம். ஒளித்து வைத்த இன்னொரு போனில் இருந்து நான் மறுபடியும் போட்டுவிட்டேன் என்று வந்து நின்றார். ஷிஹாரா நினைத்தால் மட்டும்தான் முடியும் என்று நஸ்ஹா விளங்கப்படுத்தினாள். அப்ப ஷிஹாராவுக்குச் சொல்லு என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நஸ்ஹாவின் போனில் இருந்து உனக்கு இரண்டு வரி அனுப்பியிருக்கலாம். அந்த இரண்டு வரியை அவளைக் கொண்டு எழுதுவிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு கிழமையாக அவள் அந்தக் கதையைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. முந்தாநாள் நான் கருவாடு கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து குந்தினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“உம்மா, எடுக்கச் சொல்லுங்க என்டு நான் சொல்லமாட்டன். ஆனா எடுத்தா நல்லம்.”

அவள் சொன்னது அவ்வளவுதான். நானும் ஓம் என்றேன். பிள்ளைக்கு வாப்பாவின் சாயல். அவரும் எதையும் வேண்டாம் என்று சொல்லாமலே வேண்டாமென்று ஆக்கிவிடுவார்.

இப்போது உன் சிறப்பிதழின் கேள்விக்கு என் பதில் உனக்கு விளங்கியிருக்கும். எனக்கு எழுத நேரம் எப்படிக் கிடைத்தது என்றால், என் மாப்பிள்ளை மௌத்தாகிக் கிடைத்தது. மார்க்கம் என்னை வீட்டுக்குள் இருத்தியது, நான் எழுதினேன். இத்தா முடிந்தது, நேரமும் முடிந்தது. புருசன் இல்லாதவளுக்கு என்ன வேலை, நேரம் நிறையக் கிடக்குமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் செய்த வேலையையும் சேர்த்து இப்போது நான் செய்கிறேன், முதலாளியோடு விலை பேசுவது முதல் வாடிக் கூரைக்குக் கிடுகு மாற்றுவது வரைக்கும். ஒரு கதை எழுத ஒரு மௌத்து வேண்டுமென்றால் அடுத்த கதைக்கு யார் போவது என்று அக்னஸிடம் கேட்டேன். அவள் சிரிக்காமல் சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் என் பக்கத்தில் வெட்டாமல் தூரப் போய் இருந்து வெட்டினாள்.

ஆகவே மச்சி, கதையை எடுத்துவிடு. என் பெயரையும், நீ போட்ட வரியையும், என் படத்தையும் எடுத்துவிடு. தவிர்க்க முடியாத காரணம் என்று ஒன்றும் எழுதிவைக்காதே, காரணம் கேட்டு வேறு ஒரு கூட்டம் வரும். முதல் வெள்ளிக்கு முன்னால் எடுத்துவிட்டு அத்தாஉல்லா மச்சானுக்கு ஒரு செய்தி அனுப்பு. ஸலாம் சொல்லித் தொடங்கி, மரியாதையாக அனுப்பு. இந்தக் கடிதத்தைச் சிறப்பிதழில் போடலாமா என்று உனக்குக் கை அரிக்கும். அரித்தால் சொறிந்துகொள், போடாதே.

எடுத்தபின் எனக்குச் சொல்லியனுப்ப வேண்டாம். என் போனில் இருந்தது போய்விட்டது, உன்னிடம் இருப்பதுதான் கடைசி. அழிக்க முன்னால் எங்கேயாவது ஒரு மூலையில் வைத்தாயா, இல்லையா என்று நான் ஒருபோதும் உன்னிடம் கேட்கமாட்டேன். நீயும் சொல்லாதே. அத்தாஉல்லா மச்சான் என்னைச் சத்தியம் பண்ணச் சொன்னால், எனக்குத் தெரியாது என்று நான் பொய் இல்லாமல் சொல்ல வேண்டும். விளங்கினால் சரி.

நஸ்ஹாவின் நிக்காஹுக்கு நீ வரமுடியாது என்று தெரியும், துஆவில் சேர்த்துக்கொள். அந்தப் பொடியன் றுமைஸ் நல்ல பிள்ளை. போன தடவை வந்தபோது தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தான். நான் பார்க்கிறேன் என்று கழுவினானோ தெரியாது, கழுவினான்.

உன் பிள்ளைகளுக்கு என் சலாம். மற்றவர்களின் எழுத்தைத் திருத்தியே நாள் போகிறது, நானாக ஒரு வரி எழுதி வருசமாகிறது என்று நீ அந்தச் செய்தியின் கடைசியில் எழுதியிருந்தாய். அதையும் பார்த்தேன். உன் மாப்பிள்ளைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுப்பானாக. அவர் நல்ல சுகத்தோடு, உன் பக்கத்திலேயே இருந்துகொண்டு, உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்போதே, உனக்கு எழுத நேரம் கிடைப்பதாக. ஆமீன்.

உன் துஆவை எதிர்பார்த்திருக்கும் மச்சி,
ஸபீனா.